பெருமாள்புரம் ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

அப்பாவுக்கு நாகஸ்வரம். அம்மாவுக்குப் பழைய சினிமாப் பாட்டு. எனக்கு இரண்டும் வேண்டும், கூடவே இளையராஜாவும். மூன்று பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து நன்றாகக் கேட்க ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவானது. ஆம்ப்ளிஃபயர், ஸ்டாண்டு, வயர் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதை எப்படிச் செய்து முடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே அளவு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: முதலில் உங்கள் அறையை அளந்து பாருங்கள், பெட்டியை அப்புறம் தேடலாம். லட்ச ரூபாய் ஸ்பீக்கரையும் அறை கெடுக்கும். இருபதாயிரத்துக்கு வாங்கியது சரியான இடத்தில் நின்றால் அசத்தும்.

எங்கள் வீடு பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில். ஹால் 17 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, சிமெண்டுப் பூச்சுச் சுவர், தரை முழுக்க டைல்ஸ். நடுவில் நின்று கைதட்டினால் ஓசை கணீரென்று எழுந்து மெதுவாக அடங்கும். இப்போது கட்டுகிற நம்மூர் வீடுகள் பலவும் இப்படித்தான். வெளிநாட்டு மதிப்புரைகளைப் படித்து ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் கேட்கிற அறையில் கம்பளம், திரைச்சீலை, மெத்தை வைத்த சோபா எல்லாம் இருக்கும். அங்கே 'துலக்கமான ட்ரெபிள்' (உச்ச ஒலி) என்று புகழப்படுகிற பெட்டி நம் டைல்ஸ் ஹாலில் காதைக் குத்தும்.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதன் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அலைவரிசைகள் மாட்டிக்கொண்டு வீங்கும். எந்த அலைவரிசை என்று கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். நம்மூர் வெயிலில், 35 டிகிரிச் சூட்டில், ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். 17 அடி என்பது 5.18 மீட்டர். வகுத்தால் 34 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 34 அதிர்வு, வருகிறது. அதன் இரட்டிப்பு 68 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 52 அல்லது 53, உயரத்துக்கு 58. இந்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். பின்னால் செய்த வேலை முழுவதும் அந்தத் தாளை ஒட்டியே நடந்தது.

தாள் சொன்ன முதல் விஷயம், டவர் ஸ்பீக்கர் வேண்டாம் என்பது. ஆள் உயரத்துக்கு நிற்கிற பெட்டி கண்ணுக்கு அழகுதான். ஆனால் அது 34 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பலமாக ஒலித்தால் இந்த ஹால் உறுமத் தொடங்கிவிடும். தவிர, ஒரே விலையில் டவரும் சிறிய பெட்டியும் இருந்தால், டவரில் பணத்தின் பெரும்பங்கு மரப்பலகைக்கே போய்விடும். சிறிய பெட்டியில் அதே பணம் வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கானது) ட்வீட்டருக்கும் (உச்ச ஒலிக்கானது) ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவருக்கும் போகும். நடுத்தர பட்ஜெட்டில் இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

'சின்னப் பெட்டியில் பேஸ் எங்கே வரும்?' என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்பது நியாயம்தான். கோயில் கொடைக்குக் கட்டுகிற ரேடியோ செட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரத்தில் கட்டிய குழாய் நாலு வயல் தாண்டிக் கேட்கும். பந்தல் பக்கத்தில் அடுக்கிய பாக்ஸ் நெஞ்சில் மோதும். அந்தக் குழாய் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் எழுப்பும். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது அது. வீட்டு ஸ்பீக்கருக்குத் தேவை வேறு. நம் பாட்டில் எவ்வளவு கீழே போகிறோம் என்று பார்த்தால் இது விளங்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆண் பாடகருக்கு ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவருக்குப் பின்னால் மீட்டுகிற தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். கச்சேரியில் நிலையாக ஒலிக்கும் சுரங்களில் அடிமட்டம் அதுதான். சினிமாப் பாட்டில் பேஸ் கிதார் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கக் கூடும், ஆனால் எப்போதும் அங்கேயே நிற்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஒழுங்காக இறங்குகிற ஒரு பெட்டி எங்கள் மூன்று பேருக்கும் தாராளம்.

அப்புறம் வாட் விவகாரம். நான் ஏறி இறங்கிய கடைகளில் ஹோம் தியேட்டர் செட்டுகள்தான் வரிசையாக நின்றன, அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட் போட்டு. பிஎம்பிஓ (ஒரு கண உச்ச சக்தி) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதை அளக்க ஒரு பொது விதியே கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக் கூடிய வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழுப்பும் சத்தம், எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து 9 அடி தூரத்தில் உட்கார்ந்தால் ஒரு வாட்டிலேயே சுமார் 80 டெசிபல் வரும். அதுவே நல்ல சத்தம்தான். 50 வாட் கொடுத்தால் 97. தவில் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கும் இது போதும். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் காதில் தெரிகிற தூரம் அவ்வளவே. இதைப் புரிந்துகொண்டால் ஆம்ப்ளிஃபயரில் மிச்சமாகிற பணம் ஸ்பீக்கருக்குப் போகும். ஆனால் ஒன்று: சக்தி குறைந்த ஆம்பை முழுக்கத் திருகி வைத்தால் அலையின் தலை வெட்டுப்படும், அதில் முதலில் கருகுவது ட்வீட்டர். ஆகவே அளவோடு ஒரு 50 வாட் இருக்கட்டும்.

இந்த விலைப் படியில் பல பெயர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1932இல் தொடங்கிய வார்ஃபடேல், அதன் டயமண்ட் வரிசைச் சின்னப் பெட்டிகளுக்குப் பேர்போனது. ஆண்ட்ரூ ஜோன்ஸ் வடிவமைத்த எலாக் டெபு வரிசை இருக்கிறது. போல்க், க்யூ அகூஸ்டிக்ஸ் இருக்கின்றன. நம் நாட்டிலேயே கல்கத்தாவின் சோனோடைன் 1970இலிருந்து ஸ்பீக்கர் செய்து வருகிறது. இவற்றில் எதை எடுத்தாலும் தரம் கெட்டுப்போகாது. உங்கள் அறைக்கும் காதுக்கும் எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

கேட்டுப் பார்க்கப் போகும்போது கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவர் போடுவது எந்தப் பெட்டியிலும் நன்றாக ஒலிக்கிற பாட்டு. நான் என் போனில் சில பதிவுகளைச் சுருக்காமல் ஏற்றிக்கொண்டு போனேன். முதலாவது காருகுறிச்சி அருணாசலம். நம்ம ஊர்க்காரர், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1921இல் பிறந்து 1964இல் மறைந்தவர். நாகஸ்வரத்தின் மேல் சுரங்களும் அவற்றின் கிளையோசைகளும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பலமாக விழுகின்றன. மனிதக் காது மிகவும் கூர்மையாக இருக்கிற இடமும் அதுதான். ஒரு ஸ்பீக்கர் அங்கே கொஞ்சம் தூக்கி ஒலித்தாலும் நாகஸ்வரம் கீச்சிடும். அங்கே பள்ளமாக இருந்தால் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் உயிர் போய் ஷெனாய் போலாகிவிடும். மேல் ஷட்ஜத்தில் நின்று கமகம் பிடிக்கிறபோது காது சுருங்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன். பல பெட்டிகள் அங்கேயே கழிந்துபோயின.

இரண்டாவது, ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு. பேஸைச் சோதிக்கக் குடத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. குடத்தின் வாயில் தட்டுகிற மட்டையான பத்தி விழுந்ததும் 'தொம்' என்று எழும், உடனே அடங்கும். கட்டுப்பாடில்லாத பெட்டியில் அந்தத் 'தொம்' அடங்காமல் அடுத்த அடி வரை இழுத்துக்கொண்டே போகும். உடுக்கையும் ஜால்ராவும் கூடவே இருப்பதால், பேஸ் வீங்கினால் அவை மூழ்குவதும் தெரிந்துவிடும். மூன்றாவதாக, அம்மாவுக்காக ஒரு பெண் குரல். வெறும் குரல், பின்னால் ஒரு வயலின். 'ச', 'ஷ' ஓசைகள் சீறாமல் வருகின்றனவா என்று கேட்பதற்கு.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைப்பது மிக மிக முக்கியம். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும், சத்தம் கூடியது என்று தெரியாது. போனில் இலவச டெசிபல் மீட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரே இடத்தில் பிடித்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டேன். கடைக்காரர்கள் பொறுமையாகவே ஒத்துழைத்தார்கள்.

கடைசியில் காதுக்குப் பிடித்தது எலாக் டெபு பி5.2. 5¼ அங்குல வூஃபர், ஒரு அங்குலத் துணி ட்வீட்டர், 86 டெசிபல், மின்தடை 6 ஓம். பேஸ் துளை, அதாவது பெட்டிக்குள் காற்று போய்வருகிற வழி, முன்பக்கம் இருக்கிறது. துளை முன்னால் இருந்தால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. பின்துளை என்றால் சுவர் அதன் மூச்சை அடைக்கும், முன்துளையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சுவர் பக்கத்தில் வந்தால் பேஸ் வீங்குவது எந்தப் பெட்டிக்கும் பொது.

புதிது வாங்கினால் பட்ஜெட் இழுத்துப் பிடிக்கும். மதுரையில் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய ஜோடியை 19,000 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொன்னார். பழைய ஸ்பீக்கர் வாங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குறைந்த பணத்தில் நல்ல ஒலிக்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஸ்பீக்கரில் தேய்கிற உறுப்புகள் மிகக் குறைவு. என்ன கெடும் என்று தெரிந்து பார்த்தால் ஏமாற வழியில்லை.

முதலில் கோனை, அதாவது முன்னால் அதிர்கிற கூம்பைச் சுற்றியுள்ள வளையம், சரவுண்ட். அது ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் நம்மூர் வெயிலிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் உதிரத் தொடங்கும். நகத்தால் லேசாகத் தொட்டால் பொடியாக வரும். ரப்பர் நீண்ட நாள் தாங்கும். இது ரப்பர், விரிசல் இல்லை. அடுத்தது ட்வீட்டர். முன்பக்க மூடியான கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் அந்தத் துணிக் குமிழை ஒரு விரல் எப்படியும் அமுக்கியிருக்கும். இங்கே இரண்டும் உருண்டையாகவே இருந்தன. அப்புறம் வூஃபர் கோனின் இரண்டு பக்கமும் நாலு விரலைப் பரப்பி வைத்து, ஒரே சீராக உள்ளே தள்ளி விட்டேன். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) உரசினால் மணலைத் தேய்க்கிற மாதிரி ஒரு சன்னமான சத்தம் வரும். வரவில்லை.

மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்தால் 6 ஓம் ஸ்பீக்கரில் 4, 5 ஓம் காட்டும். அது டிசி (நேர் மின்னோட்ட) அளவு, குறைவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் இருப்பதால் மீட்டர் வூஃபரை மட்டுமே பார்க்கிறது. ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று காதை அருகில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும். அதேபோல, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைக் கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல் என்று ஒரு நொடி தொட்டுவிட்டு எடுத்தேன். இரண்டு கோனும் முன்னால் வந்தன. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் யாரோ உள்ளே திறந்து வயரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியை பலாப்பழம் தட்டுகிற மாதிரி நாலு பக்கமும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எங்கும் கெட்டியாக, சுருக்கமாக ஒரே சத்தம். பலகை விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் அதிர்வு தெரியும்.

எல்லாம் சரியாக இருந்ததால் பணத்தைக் கொடுத்துவிட்டு, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தோம். ஆம்ப்ளிஃபயர் புதிதாக 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். 50 வாட், சாதாரண ஸ்டீரியோ, 4 ஓம் வரை தாங்கும் என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தது. 6 ஓம் ஸ்பீக்கருக்கு அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஸ்டாண்டு. இதற்குக் கடையில் கேட்கிற விலையைப் பார்த்துவிட்டு நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனேன். உயரம்தான் இதில் முக்கியக் கணக்கு. ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். அப்பா ஈஸி சேரில் சாய்ந்து உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 34 அங்குலம். பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் நடுவரை சுமார் 10 அங்குலம். ஆக ஸ்டாண்டு 24 அங்குலம். அம்மா தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவாள், காது அஞ்சு அங்குலம் கீழே போகும். 9 அடி தூரத்தில் அது மூன்று டிகிரிகூட வராது, ஒலியில் வித்தியாசம் தெரியாது. வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தே கேட்பவர்கள் என்றால் 20 அங்குலத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

"ஸ்கொயர் பைப்பா ரவுண்டா அண்ணாச்சி?" என்று பட்டறைத் தம்பி கேட்டான்.

"மூணு இஞ்சு ஸ்கொயர் தம்பி. கீழ ஒரு அடிக்கு ஒரு அடி, ஆறு எம்எம் தகடு. மேல் தகட்டுல ஒரு ஓட்டை மட்டும் விட்ரு, உள்ள மணல் போடணும்."

"மணல் எதுக்கு?"

"அந்தப் பைப்பத் தட்டிப் பாரேன்."

தட்டினான். பைப் மணி மாதிரி ஒலித்தது. "ஆமா, இது கூடச் சேர்ந்து பாடுமே" என்றான் அவனாகவே. சட்டென்று பிடித்துக்கொண்டான். இரண்டுக்கும் பெயிண்ட் உட்பட 3,200 ரூபாய். வீடு கட்டி மிச்சமிருந்த எம் சாண்டைச் சலித்து, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நல்ல வெயிலில் காயப்போட்டு நிரப்பினேன். ஈரம் இருந்தால் உள்ளே துருப்பிடிக்கும். ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ மணல் வாங்கிக்கொண்டது. இப்போது தட்டினால் 'டொக்' என்பதோடு சரி. அடித்தகடு கனமாக இருப்பதால் பிள்ளைகள் ஓடி இடித்தாலும் சாயாது. பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு மூலையிலும் ரப்பர் வில்லை.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பக்கத்துக்கு 5 மீட்டர். போக வர அதன் தடை சுமார் 0.13 ஓம். 6 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆயிரக்கணக்கில் கேட்கிற ஸ்பீக்கர் கேபிளுக்குச் செலவழிக்காதீர்கள்.

இனிதான் நிஜமான வேலை. ஸ்பீக்கர்களை 11 அடிச் சுவர்ப் பக்கம், இரண்டுக்கும் நடுவே 6 அடி விட்டு நிறுத்தினேன். பக்கச் சுவரிலிருந்து இரண்டும் 30 அங்குலம், பின்சுவரிலிருந்து முன்முகம் 22 அங்குலம். இந்த இரண்டு தூரமும் சமமாக இருக்கக் கூடாது; சமமானால் இரண்டு சுவரும் ஒரே அலைவரிசையைச் சேர்ந்து கெடுக்கும். முகத்தைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினேன்.

பிறகு போனிலிருந்து 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற ஒரு சோதனை ஒலியை விட்டேன். தாளில் எழுதியிருந்த 68 வந்ததும் ஹாலின் நடுவில் உட்கார்ந்தால் காது அடைத்துக்கொண்டது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தாலும் அப்படியே. நடுவுக்கும் பின்சுவருக்கும் பாதி வழியில் அதே ஒலி பாதியாகச் சுருங்கியது. கணக்கும் காதும் ஒன்றையே சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலியை முன்சுவரிலிருந்து 11 அடியில் போட்டேன். அங்கே 68 தூக்கவும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. பைசா செலவில்லை, நாற்காலியை நகர்த்தியதுதான். வழக்கமாக சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித்தான் போடுவோம். பேஸுக்கு அது மிக மோசமான இடம்.

அந்தச் சோதனை ஒலி இன்னொரு உபகாரமும் செய்தது. 50ஐத் தாண்டும்போது பீரோ கதவு கடகடத்தது. 80 பக்கம் பரணில் இருந்த பித்தளைப் போணிகள் ஒன்றோடொன்று உரசிப் பேசின. ஷோகேஸ் கண்ணாடி வேறு. பீரோ கதவு இடுக்கில் ரப்பர் பட்டை, கண்ணாடிக்கு ஓரத்தில் ஃபெல்ட், போணிகளுக்கு நடுவே பழைய துணி. பல வீடுகளில் 'ஸ்பீக்கர் இரைகிறது' என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த மாதிரிச் சாமான்களின் சத்தம்தான். ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

எதிரொலி பாக்கி இருந்தது. கைதட்டினால் இன்னும் கணீர். "பத்தமடைப் பாயைச் சுவத்துல மாட்டினாப் போதாதா? பாக்கவும் நல்லாருக்குமே" என்றாள் அம்மா. மாட்டிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது, கைதட்டல் மட்டும் மாறவே இல்லை. காரணம் தடிமன். ஒலியை விழுங்குகிற பொருள் அந்த அலையின் நீளத்தில் கால்வாசியாவது கனமாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 1,000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது 9 சென்டிமீட்டர். மெல்லிய கோரைப் பாய்க்கு எங்கே போவது?

அதற்கு ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை சரியாகப் பொருந்தியது. 4 அங்குலக் கனம், உள்ளே காற்று புகுந்து போகிற நார்ப்பின்னல், கையில் தூக்கினால் கனமே தெரியாது. மெத்தைக் கடையில் 4 அடிக்கு 2 அடியாக மூன்று துண்டு வெட்டி வாங்கினேன். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, அதில் நாரை உட்காரவைத்து, மேலே அம்மாவின் பழைய நூல் சேலையை இழுத்துக் கட்டினோம். துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய சோதனை: வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். போனால் ஒலியும் போகும். ரெக்சினும் தடித்த பாலியஸ்டரும் இதில் தேறாது. எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய்.

எங்கே மாட்டுவது? நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, மகள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அதன் ஒலி சுவரில் பட்டு என் காதுக்குத் திரும்புகிற இடம். வலப்பக்கச் சுவரில் ஒன்று அங்கே. இடப்பக்கம் ஜன்னல், அதற்குக் கனமான பருத்தித் திரை. மற்ற இரண்டும் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சுவரில். மாட்டி முடித்ததும் கைதட்டல் சுருங்கிப்போனது. ஹாலில் பேசுவதே தெளிவாகக் கேட்கிறது என்று மனைவி சொன்னாள். இந்தப் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் கொடுத்தது எது என்று கேட்டால், தயங்காமல் இந்த மூன்று பலகைகளைத்தான் காட்டுவேன்.

அன்று சாயந்திரம் அப்பாவை உட்காரவைத்துக் காருகுறிச்சியாரைப் போட்டோம். என்னிடம் இருக்கிற அவருடைய பதிவுகள் எல்லாமே மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் போகிறது. ஆனால் பெட்டிகள் இரண்டும் ஒத்து, தூரங்கள் சரியாக அமைந்து, வயர் மாறாமல் இருந்தால், நாகஸ்வரம் இரண்டு பெட்டியிலும் இல்லாமல் நட்டநடுவில், வெறும் சுவருக்கு முன்னால் நின்று ஒலிக்கும். ஸ்டீரியோ ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்க மோனோ பதிவைவிடக் கறாரான சோதனை இல்லை. முதலில் ஒரு சாண் இடப்பக்கம் ஒதுங்கி ஒலித்தது. இடது ஸ்பீக்கரை ஒரு அங்குலம் பின்னால் தள்ளினேன். நடுவுக்கு வந்துவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மூச்சு விடுறது கேக்கு பாரு" என்றார். பல்லவி முடிகிறவரை பேசவே இல்லை.

வில்லுப்பாட்டில் குடமும் அப்படியே, எழுந்த வேகத்தில் அடங்கியது. மின்விசிறியை அஞ்சில் வைத்தால் மட்டும் சன்னமான இடங்கள் அமுங்கிப்போகின்றன. அதனால் இரவு ஒன்பதுக்கு மேல், விசிறியை இரண்டில் வைத்துக்கொண்டு கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனி ஆடிக் காற்றில் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டால் விசிறியே வேண்டாம். ஜன்னல் திறந்தால் பேஸில் ஒரு பகுதி வெளியே போய்விடுவதால் ஹாலின் உறுமலும் குறைகிறது. அந்த இரண்டு மாதமும் இந்த ஹால் இன்னும் நன்றாக ஒலிக்கிறது.

வயர், பின் எல்லாம் ஒரு 900 ரூபாய். மொத்தம் 41,500 ஆனது. மிச்சத்தை சப்வூஃபருக்கென்று (பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) ஒதுக்கலாமா என்று மகன் கேட்கிறான். எனக்கு இப்போதைக்குத் தேவை தெரியவில்லை. 34 ஹெர்ட்ஸை நாமே கூப்பிட்டு ஹாலுக்குள் உட்காரவைக்க வேண்டுமா என்று யோசனையாக இருக்கிறது. அப்படி வாங்கினாலும் முதலில் அதை நாற்காலி இருக்கிற இடத்தில் வைத்து ஓடவிட்டு, தரையோடு குனிந்து ஹாலைச் சுற்றிவந்து, எந்த மூலையில் பேஸ் சமனாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் முறை.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வெயில் நேராக விழுகிற ஜன்னல் பக்கம் பெட்டியை வைக்காதீர்கள், ரப்பர் சீக்கிரம் காய்ந்துவிடும். தூசியைத் தட்ட பெயிண்ட் பிரஷ், அதுவும் கோன் வரைக்கும்தான். ட்வீட்டரை எதுவும் தொடக் கூடாது. அப்புறம் நம்மூருக்கே உரிய ஒரு தொந்தரவு மண்குளவி. சாவித் துவாரத்தையே விடாத ஜாதி, பேஸ் துளையை விடுமா? உள்ளே மண்கூடு கட்டிவிட்டால் காற்று போகிற வழி அடைபட்டு பேஸின் தன்மையே மாறிவிடும். கிரில் போட்டே வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற நாட்களில் துளைக்குள் ஒரு ஸ்பான்ஜ் துண்டைச் செருகிவிட்டு, மறக்காமல் இருக்க ஆம்ப்ளிஃபயரின் பட்டன் மேல் ஒரு காகிதத்தையும் ஒட்டிவிட்டுப் போகிறேன்.